பெயரும் பொருளும்: பிரெஞ்சு மக்களின் பெயர் வரலாறு



நன்னூலார் பெயர்ச்சொற்களை இடுகுறிப்பெயர் என்றும் காரணப்பெயர் என்றும் வகுத்தார். காரணம் எதுவுமின்றி முன்னோர் இட்டு வழங்கியவை மண், மரம் முதலியன. ஒரு காரணம் பற்றி வந்தவை பறவை, நாற்காலி முதலியன. இந்தப் பகுதியைப் படிப்பிக்கும் எவருக்கும் ஒரு வினா எழவே செய்யும். மனிதருக்கு நாம் இடும் பெயர் இவ்விரண்டில் எதனுள் அடங்கும்? கந்தசாமி என்ற பெயருக்குப் பொருள் உண்டு. ஆனால் ஒரு பிள்ளைக்கு அப்பெயர் வந்த காரணம் அந்தப் பொருளா? பாட்டனாரின் பெயர் கந்தசாமி என்பது காரணமாகலாம். பிள்ளை பிறந்தது கந்தசஷ்டி நாளில் என்பது காரணமாகலாம். சொல்லின் பொருள் வேறு, பெயர் இடப்பட்ட காரணம் வேறு. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு பிரெஞ்சு மக்களின் பெயர்களை இன்று சற்று நோக்குவோம்.

பிரெஞ்சுப் பெயர்களை எடுத்துக்கொள்வதற்கு ஒரு நியாயம் உண்டு. 1803 ஆம் ஆண்டு தொடக்கம் 1993 ஆம் ஆண்டு வரை, 190 ஆண்டுகளாக, ஒரு குழந்தைக்கு எத்தகைய பெயரை இடலாம் என்பதைப் பிரான்ஸ் தேசத்தில் சட்டம் வரையறுத்து வந்தது. தாய் தந்தையர் விரும்பிய பெயரை எழுத்தர் மறுத்துவிட்டால் அந்தப் பெயருக்குச் சட்டத்தின் முன் இடமில்லை. பெயரிடும் உரிமை யாருக்கு உரியது என்ற கேள்வி இத்தனை வெளிப்படையாக எழுந்த நாடுகள் மிகச் சிலவே.

முதலில் பிரான்சின் பழங்குடிகளான கோல் மக்களைப் பார்ப்போம். அவர்கள் கெல்ற்றிய இனத்தவர். யூலியஸ் சீசரை எதிர்த்து நின்ற கோல் தலைவன் வெர்சிங்கெத்தோரிக்ஸ். 'வெர்' என்றால் மேலான, 'சிங்கெத்தோ' என்றால் வீரர், 'ரிக்ஸ்' என்றால் அரசன். வீரர்க்கெல்லாம் பேரரசன் என்று பொருள் கொள்ளலாம். கி.மு. 52 இல் அலேசியா என்னும் இடத்தில் அவன் சரணடைந்தான். அவன் வீழ்ந்த பின்னர் அவனுடைய மொழியும் மெல்ல மெல்ல வழக்கொழிந்தது. கோல் பெயர்களும் அதனோடு மறைந்தன.

வென்றவரின் மொழி இலத்தீன். வென்றவரின் பெயர்களையே தோற்றவரும் பிள்ளைகளுக்கு இட்டனர். 'விக்தோர்' என்றால் வெற்றியாளன். 'போல்' என்றால் சிறியவன். மார்ட்டின் என்று நாம் அறிந்த பெயரைப் பிரெஞ்சுக்காரர் 'மர்த்தேன்' என்பர். உரோமரின் போர்த் தெய்வமாகிய மார்ஸிலிருந்து பிறந்த பெயர் இது. இதனைப் பிரான்ஸ் முழுவதும் பரப்பியவர் கி.பி. 397 இல் மறைந்த தூர் நகரத்து ஆயர் புனித மர்த்தேன். அவர் படைத் தொழிலைத் துறந்து துறவியானவர். குளிரில் நடுங்கிய ஏழைக்குத் தன் மேலாடையை வாளால் இரண்டாகக் கிழித்துப் பாதியைக் கொடுத்தார் என்று அவரைப் பற்றிக் கூறுவர். போர்த் தெய்வத்தின் பெயர் இரக்கத்தின் பெயராக மாறியது. சொல்லின் பொருள் மாறவில்லை. அதைச் சுமந்தவர் மாறினார், அதனால் மக்கள் மனத்தில் பெயரின் பொருளும் மாறிற்று. இன்று பிரான்சில் மிகப் பெருந்தொகையினர் கொண்டுள்ள குடும்பப் பெயர் மர்த்தேன் என்பதே.

உரோமர் ஆட்சி தளர்ந்தபின் ரைன் நதிக்கு அப்பாலிருந்து ஜெர்மானிய இனத்தவராகிய பிராங்குகள் வந்தனர். நாட்டின் பெயரே அவர்களால் பிரான்ஸ் ஆயிற்று. இவர்களின் பெயர்கள் பெரும்பாலும் இரண்டு சொற்களை ஒட்டி அமைந்தவை. 'ரொபேர்' என்பதில் புகழும் ஒளியும் உள்ளன. 'ழெரார்' என்பதில் ஈட்டியும் உறுதியும் உள்ளன. 'பெர்னார்' என்பதில் கரடியும் உறுதியும், 'கியோம்' என்பதில் மனத்திண்மையும் தலைக்கவசமும் உள்ளன. பிராங்குகளின் அரசனான குளோவிஸ் கி.பி. 511 இல் இறந்தான். அவன் பெயரிலும் அவன் மனைவி குளோத்தில்தின் பெயரிலும் புகழ், போர் என்னும் இரண்டு கருத்துகளே அடங்கியுள்ளன.

இந்தப் பெயர்களை நம்முடைய தொகைச்சொற்களைப் போல விரித்துப் பொருள் கூற முற்பட்டால் இடர்ப்படுவோம். ஆறாம் நூற்றாண்டில் பிரெதெகோந்த் என்றொரு அரசி இருந்தாள். கொலைகளுக்கும் சூழ்ச்சிகளுக்கும் பேர்போனவள். அவள் பெயரின் முற்பகுதி சமாதானம், பிற்பகுதி போர்! சமாதானப் போர் என்றா பெற்றோர் பெயரிட்டனர்? இல்லை. தந்தையின் பெயரில் ஒரு பாதியும் தாயின் பெயரில் ஒரு பாதியும் எடுத்து ஒட்டுவது அக்கால வழக்கம். பாரிஸ் நகரின் புகழ்பெற்ற துறவிமடமான சாங் ஜெர்மாங் தே பிரே, ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தன் நிலங்களில் வாழ்ந்த குடியானவர்களைக் குடும்பம் குடும்பமாக ஒரு பதிவேட்டில் எழுதி வைத்தது. மடத்தின் தலைவர் இர்மினோனின் பெயரால் அப்பதிவேடு வழங்குகிறது. மன்னர் குலத்து வழக்கமே குடியானவர் மத்தியிலும் நிலவியதை அதில் காண்கிறோம். பெற்றோர் பெயரின் துண்டுகள் பிள்ளைகளின் பெயர்களில் இடம் மாறி வருகின்றன. இது இன்னாரின் பிள்ளை என்று ஊருக்கு அறிவிப்பதே அந்தப் பெயர்களின் வேலை.

குளோவிஸ் என்னும் பெயரை மறுபடியும் எடுத்துக்கொள்வோம். காலப்போக்கில் அதன் முதல் ஒலி தேய்ந்து மறைந்தது, நடுவிலுள்ளவை திரிந்தன. இறுதியில் எஞ்சியது 'லூயி'. பிரான்ஸ் மன்னர் வரிசையிலே பதினெட்டாம் லூயி வரை எண்ணப்படும் அந்தப் பெயர் பழைய குளோவிஸ் என்னும் பெயரேயன்றி வேறல்ல. ஒலித்திரிபு மாத்திரம் இதற்குக் காரணம் அன்று. குளோவிஸின் வம்சத்தின் கடைசி அரசனை கி.பி. 751 இல் நீக்கிவிட்டு வேறொரு குடும்பம் ஆட்சியைக் கைப்பற்றியது. அக்குடும்பத்தில் வந்தவனே ஷார்லமாஞ் என்னும் மகா சார்ள்ஸ். 778 இல் அவனுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. தன் முன்னோர் பெயர்களை விட்டுவிட்டு, நீக்கப்பட்ட பழைய வம்சத்தின் பெயர்களையே அவன் தேடி எடுத்தான். ஒரு பிள்ளைக்கு லூயி, மற்றப் பிள்ளைக்கு லொத்தேர். அரியணையைப் பறித்தவர்கள் அதன் பெயர்களையும் எடுத்துக்கொண்டனர். பெயர் இங்கே உரிமைப் பத்திரமாக நின்றது.

ஷார்லமாஞ்ஞின் சொந்தப் பெயரோ மிகச் சாதாரணமானது. 'கார்ல்' என்னும் ஜெர்மானியச் சொல்லுக்கு ஆண்மகன், சுதந்திரமான குடிமகன் என்பதே பொருள். ஆனால் அவனுடைய புகழ் எவ்வளவு பரவியதென்றால், போலந்து, ருஷ்யா முதலிய ஸ்லாவிய மொழிகளில் அரசனைக் குறிக்கும் சொல்லே அவன் பெயரிலிருந்து தோன்றியது. பொதுமகன் என்ற பொருளுடைய சொல் வேற்று மொழிகளில் வேந்தனைக் குறிக்கும் சொல்லாயிற்று. பெயர் மனிதனுக்குப் பெருமை தருவதினும் மனிதன் பெயருக்குத் தரும் பெருமையே பெரிது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

பதினோராம் நூற்றாண்டின் பின்னர் பெயர்களின் தொகை சுருங்கியது. ஆளுக்கொரு புதிய பெயரை ஒட்டும் வழக்கம் ஒழிந்து எல்லோரும் ஒரு சில பெயர்களையே இட்டனர். பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நோர்மண்டியில் நடந்த ஒரு நத்தார் விருந்தைப் பற்றிக் காலக்குறிப்பாளர் ஒருவர் எழுதி வைத்துள்ளார். கியோம் என்ற பெயருடையவர் மாத்திரமே இந்த அறையில் உண்ணலாம் என்று வேடிக்கையாக அறிவித்தனராம். மற்றவரை வெளியேற்றிய பின்னும் நூற்றுக்கு மேற்பட்ட கியோம்கள் அந்த அறையில் இருந்தனர்!

கிறிஸ்தவ வேதப் பெயர்களும் இக்காலத்திலேயே மேலோங்கின. 'ழான்' என்பது இறைவன் அருளினான் என்னும் பொருளுடைய எபிரேயப் பெயர். 'பியேர்' கிரேக்கச் சொல்வழி வந்தது, கல் என்பது பொருள். இன்றும் பிரெஞ்சு மொழியில் தெருவில் கிடக்கும் கல்லுக்கும் அதுவே சொல். 'எத்தியேன்' என்றால் முடி, கிரீடம். ஒரே கிராமத்தில் பத்து ழான்களும் எட்டுப் பியேர்களும் இருந்தால் எவரை எப்படி அழைப்பது? தொழிலாலும் ஊராலும் தந்தை பெயராலும் அடையாளப்படுத்த வேண்டியதாயிற்று. பரம்பரையாக வரும் குடும்பப் பெயர் தோன்றியதற்கு இந்த நெருக்கடி ஒரு முக்கிய காரணம். ழாக் என்ற பெயர் குடியானவரைக் குறிக்கும் ஏளனச் சொல்லாகவே ஆகிவிட்டது. 1358 இல் பிரபுக்களுக்கு எதிராகக் கிளர்ந்த குடியானவர் எழுச்சியை இன்றும் வரலாற்றாசிரியர் 'ழாக்கரி' என்றே குறிப்பிடுவர்.

பிரான்சுவா என்னும் பெயருக்குத் தனிக் கதை உண்டு. இத்தாலியின் அசிசி நகரில் பிறந்த ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானத்தில் இட்ட பெயர் யோவான். தந்தை துணி வணிகர். பிரான்சோடு கொண்ட தொடர்பினாலே தன் மகனைப் 'பிரான்செஸ்கோ' என அழைத்தார் என்பது மரபு. பிரெஞ்சுக்காரன் என்பதே அதன் பொருள். வீட்டில் வழங்கிய செல்லப்பெயர்! அந்தப் பிள்ளையே 1226 இல் மறைந்த புனித பிரான்சிஸ் அசிசியார். அவருடைய புகழால் அந்தப் பெயர் ஐரோப்பாவெங்கும் பரவி, பிரான்சுக்குள் பிரான்சுவா என்ற வடிவில் நுழைந்தது. பிரான்சின் பெயரிலிருந்து பிறந்த பெயர் இத்தாலியைச் சுற்றிக்கொண்டு பிரான்சுக்குத் திரும்பியது.

அப்பெயர் கொண்ட மன்னன் முதலாம் பிரான்சுவா 1539 இல் ஒரு கட்டளை பிறப்பித்தான். கோவில் குருமார் ஞானஸ்நானங்களைப் பதிவேட்டில் எழுதி வைக்கவேண்டும் என்றது அக்கட்டளை. பெயர் காற்றில் ஒலிக்கும் நிலையிலிருந்து ஏட்டில் ஏறும் நிலைக்கு வந்தது. 1566 இல் வெளியான கத்தோலிக்க ஞானோபதேச நூல் புனிதர்களின் பெயர்களையே இடும்படி வற்புறுத்தியது. சீர்திருத்தச் சபையினரோ புனிதர் வழிபாட்டை மறுத்து ஆபிரகாம், ஈசாக்கு, தானியேல் போன்ற பழைய ஏற்பாட்டுப் பெயர்களை நாடினர். 1546 இல், கல்வின் செல்வாக்குப் பெற்றிருந்த ஜெனீவா நகரில், தன் மகனுக்குக் 'குளோத்' என்று பெயரிட ஒரு தந்தை குழந்தையைக் கொண்டுவந்தார். போதகர் கேட்கவில்லை. ஆபிரகாம் என்று பெயர் சொல்லி ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார். கோவிலில் பெருங் குழப்பம் மூண்டது.

அந்தத் தந்தை போராடிய பெயரின் பொருள் யாது? குளோத் என்பது இலத்தீனில் நொண்டி என்னும் சொல்லோடு தொடர்புடையது. அகராதியைப் பார்த்துப் பெயரிடுபவர் எவரும் இதைத் தொடமாட்டார். ஆனால் அயலிலே புனித குளோத்தின் திருத்தலம் இருந்தது, மக்கள் நேர்ந்து கொண்டனர், பிள்ளைகளுக்கு அப்பெயரை இட்டனர். பின்னாளில் ஓவியர் மொனேயும் இசைமேதை தெபுசியும் கொண்ட பெயர் இதுவே. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பிரான்சின் பெண் குழந்தைகளுக்கு மிகுதியாக இடப்பட்ட மரி என்ற பெயரின் மூலப்பொருள் எதுவென்பதில் அறிஞரிடையே இன்றுவரை ஒருமித்த கருத்தில்லை. அதனால் அப்பெயருக்கு ஒரு குறையும் நேரவில்லை.

பொருளை மனத்திற்கொண்டே இட்ட பெயர்களும் இருந்தன. பதின்மூன்றாம் லூயி மன்னனுக்குத் திருமணமாகி இருபத்துமூன்று ஆண்டுகளின் பின் 1638 இல் வாரிசு பிறந்தபோது அக்குழந்தைக்கு லூயி தியுதொன்னே என்று பெயரிட்டனர். தியுதொன்னே என்றால் கடவுள் தந்தவன், வடமொழியின் தேவதத்தனே. அக்குழந்தை பின்னர் பதினான்காம் லூயியாகப் புகழ் பெற்றது. தத்துவஞானி தேக்கார்த்தின் பெயரான ரெனே, மீண்டும் பிறந்தவன் எனப் பொருள்படும், ஞானஸ்நானத்தைக் குறித்தது. மார்கரீத் என்பது கிரேக்கத்தில் முத்து. நம் ஊர் முத்தம்மாக்களும் மார்கரீத்தும் பொருளால் உடன்பிறப்புகள்.

1789 இல் தொடங்கிய புரட்சி பெயர்களையும் விட்டு வைக்கவில்லை. 1792 செப்ரெம்பரில் பிறப்புப் பதிவைக் குருமாரிடமிருந்து எடுத்து நகரசபைகளிடம் ஒப்படைத்தனர். முடியிழந்த பதினாறாம் லூயியை அவனது முன்னோன் ஒருவனின் பட்டப்பெயரைக் கொண்டு 'குடிமகன் லூயி கப்பே' என்று அழைத்தனர். அந்த அழைப்பே ஒரு தண்டனை. 1793 ஜனவரியில் அவன் தலை வெட்டப்பட்டது. அரச குடும்பத்தவனான ஓர்லெயான் கோமகன் பிலிப் தன் பெயரைப் பிலிப் சமத்துவம் என்று மாற்றிக்கொண்டான். ஆயினும் அவ்வாண்டின் இறுதியில் அவன் தலையும் தப்பவில்லை. புதிய குடியரசு நாட்காட்டியில் புனிதர்களின் இடத்தை மரஞ்செடிகளும் உழவுக் கருவிகளும் பிடித்தன. ஆண்டின் முதல்நாள் திராட்சை, இரண்டாம் நாள் குங்குமப்பூ. உரோமக் குடியரசு வீரனான புரூட்டஸின் பெயரும் சுதந்திரம், சமத்துவம் என்பனவும் பிள்ளைகளுக்குச் சூட்டப்பட்டன. இந்த வெள்ளத்துக்கு அணைபோட 1794 ஓகஸ்டில் வந்த சட்டம், பிறப்புப் பத்திரத்திலுள்ள பெயரையன்றி வேறு பெயரை எவரும் கொள்ளலாகாது என்றது.

அடுத்து வந்ததே நான் தொடக்கத்தில் குறிப்பிட்ட 1803 ஏப்ரல் முதலாந் திகதிச் சட்டம். நாட்காட்டிகளில் வழங்கும் பெயர்களையும் பண்டைய வரலாற்றில் அறியப்பட்டோரின் பெயர்களையும் மாத்திரமே பிறப்புப் பதிவேட்டில் எழுதலாம் என்றது அது. அப்போது ஆட்சித் தலைவராக இருந்தவர் நெப்போலியன். கோர்சிக்காத் தீவிலிருந்து வந்த அந்தப் பெயருக்கு நாட்காட்டியில் ஒரு திருநாள் இருக்கவில்லை. பழைய வேதசாட்சிகளின் பட்டியலில் ஒத்த ஒலியுள்ள ஒரு பெயரைத் தேடிப் பிடித்து, 1806 இல் புனித நெப்போலியன் திருநாள் ஒன்றை ஏற்படுத்தினர். அந்த நாள் ஓகஸ்ட் 15, அதுவே சக்கரவர்த்தியின் பிறந்தநாள். சாதாரணக் குடிமகன் தன் பிள்ளையின் பெயருக்காக ஒரு புனிதரை உண்டாக்கிக்கொள்ள இயலுமா?

இந்தக் கட்டுப்பாட்டுக்குள்ளும் மக்களின் ஆசைகள் வழி தேடின. விக்தோர் ஹியூகோவின் மாபெரும் நாவலைச் சுத்தானந்த பாரதியாரின் 'ஏழை படும் பாடு' வழியாகத் தமிழ் வாசகர் நன்கு அறிவர். 1862 இல் வெளிவந்த அந்நாவலில் வரும் விடுதிக்காரி காதற்கதைகள் படிப்பவள். அந்த மயக்கத்தில் தன் பெண்களுக்கு எப்பொனின், அஸெல்மா என்று பெயர் வைக்கிறாள். ஹியூகோ அங்கே கதையை நிறுத்திவிட்டுப் பெயர்களைப் பற்றிப் பேசுகிறார். மாட்டுக்காரப் பையனுக்கு ஆர்தர் என்றும் பிரபுவின் மகனுக்குத் தோமா, பியேர் என்றும் பெயரிடும் காலம் வந்துவிட்டது என்கிறார். அதனை அவர் ஏளனம் செய்யவில்லை, சமத்துவத்தின் வருகையை அதில் கண்டார். எப்பொனின் என்பதோ உரோமரை எதிர்த்த கோல் வீரன் ஒருவனின் மனைவியின் பெயர், கோல் மொழியில் குதிரையைக் குறிக்கும் சொல்லோடு தொடர்புடையது. வெர்சிங்கெத்தோரிக்ஸின் காலத்துக்குப் பின் மறைந்த மொழியின் ஒரு துளி, ஏழை விடுதிக்காரியின் மகள் பெயராக இலக்கியத்தில் வந்து நிற்கிறது. அதே நாவலின் நாயகன் பெயரோ வல்ழான். இதோ ழான் என்னும் தொடரின் சிதைவாக இருக்கலாம் என்று ஆசிரியரே சொல்கிறார். அவன் முழுப்பெயர் ழான் வல்ழான். நாட்டிலே மிகச் சாதாரணமான பெயரை இருமுறை சொல்லி, எல்லா ஏழைகளையும் அவனுள் அடக்கினார் ஹியூகோ.

சட்டத்தின் கொடுமையை அதிகம் அனுபவித்தவர்கள் சிறுபான்மை மொழியினர். மேற்குக் கரையிலுள்ள பிரெத்தாஞ் மாகாணத்தவர் கெல்ற்றிய மொழி பேசுவோர். அவர்களின் தாய்மொழிப் பெயர்கள் பல நாட்காட்டியில் இல்லை என்று எழுத்தர்கள் மறுத்தனர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒரு குடும்பத்தின் பல பிள்ளைகள் பெயர்ப் பதிவின்றியே வளர்ந்தனர். பெயர் ஏட்டில் இல்லையென்றால் அரசாங்க உதவியும் இல்லை, சட்டத்தின் கண்ணுக்கு அந்தப் பிள்ளையும் இல்லை. பெற்றோர் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கினர். 1966 இல் வெளிவந்த அறிவுறுத்தல் பிரதேச மொழிப் பெயர்களுக்கும் இடமளித்தது. 1993 ஜனவரிச் சட்டம் பெற்றோர்க்கு முழு உரிமை வழங்கியது. குழந்தையின் நலனுக்கு ஊறு நேரும் எனக் கண்டால் எழுத்தர் அரச வழக்குத் தொடுநருக்கு அறிவிக்கலாம், நீதிபதி முடிவு செய்வார். சித்திரக்கதை நாயகனான 'தித்தேஃப்' என்னும் பெயரை ஒரு குழந்தைக்கு இட்டபோது, 2012 இல் நாட்டின் உச்ச மேன்முறையீட்டு மன்றம் அதனை நீக்கியதைச் சரியென்றது.

ஆனாலும் கதை முடியவில்லை. 2017 இல் பிரெத்தாஞ்ஞில் ஒரு குழந்தைக்கு 'ஃபான்ஷ்' என்று பெயரிட்டனர். அப்பெயரின் நடுவிலுள்ள எழுத்தின் தலையில் சிறு அலை போன்ற கோடு உண்டு. அது பிரெஞ்சு எழுத்துமுறைக்கு உரியதல்ல என்று நீதிமன்றம் மறுத்தது. 2018 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்தது. நேயர்களே, ஃபான்ஷ் என்பது எந்தப் பெயரின் பிரெத்தோன் வடிவம் தெரியுமா? பிரான்சுவா! பிரெஞ்சுக்காரன் என்று பொருள்படும் பெயரைத் தன் தாய்மொழியில் எழுத, ஒரு பிரெஞ்சுக் குடிமகன் பிரான்சின் நீதிமன்றத்தில் வழக்காட வேண்டியிருந்தது.

பிரெஞ்சுப் பதிவேடு கடல் கடந்தும் சென்றது. 1848 இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டபோது மார்த்தினிக், குவாதலூப் முதலிய தீவுகளில் விடுதலையான ஆபிரிக்க வழித்தோன்றல்களுக்கு அதிகாரிகள் குடும்பப் பெயர்களை எழுதிக் கொடுத்தனர். அவர்கள் விட்டுச்சென்ற கரும்புத் தோட்டங்களுக்கு 1853 முதல் காரைக்காலிலும் புதுச்சேரியிலும் இருந்து தமிழர் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டனர். முத்துசாமி, இராமசாமி என்று வீட்டில் அழைக்கப்பட்டவர்களின் பெயர்கள் அங்கே குடும்பப் பெயர்களாக உறைந்தன. முன்னால் ஒரு கத்தோலிக்கப் பெயர், பின்னால் முத்துசாமி. குவாதலூப்பின் எழுத்தாளரும் அரசியல்வாதியுமான ஏர்னெஸ்ட் மூத்தூசாமி இவ்வாறு பெயர் பெற்ற வழியினர். தமிழ் மொழி அத்தீவுகளில் அன்றாட வழக்கிலிருந்து நீங்கிவிட்டது. முத்து என்பதன் பொருள் அறியாதவர்களும் அப்பெயரைச் சுமக்கின்றனர். பிரெதெகோந்தின் பெயரைப் போலவே பொருள் மறைந்து, இன்னார் வழி வந்தோர் என்ற செய்தி மாத்திரம் அதில் எஞ்சி நிற்கிறது.

புதுச்சேரியிலே வேறொன்று நிகழ்ந்தது. 1873 இல் பொன்னுத்தம்பிப்பிள்ளை என்னும் தமிழ் வழக்கறிஞர் சப்பாத்து அணிந்து நீதிமன்றத்துக்குச் சென்றமைக்காகக் கண்டிக்கப்பட்டார். அவர் பாரிஸ் வரை முறையிட்டு வென்றார். 1881 செப்ரெம்பர் 21 ஆந் திகதிய ஆணை, தம் வழமைச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுக் குடியியற் சட்டத்தை ஏற்க விரும்பும் இந்தியருக்கு வழிதிறந்தது. அவ்வாறு துறந்தோர் ஒரு குடும்பப் பெயரைத் தெரிவு செய்யவேண்டும். பொன்னுத்தம்பிப்பிள்ளை எடுத்துக்கொண்ட பெயர் 'லா போர்த்'. பிரெஞ்சில் கதவு என்பது அதன் பொருள். தாழ்த்தப்பட்டோர் பலருக்கும் இந்த ஆணை, சாதியைச் சுட்டும் அடையாளத்தை ஏட்டளவிலாவது கழற்றிவிட ஒரு வாய்ப்பாயிற்று. பெயரை இழப்பது சிலருக்கு இழப்பு, சிலருக்கு விடுதலை. இதையும் நாம் மறத்தல் ஆகாது.

என்னிடம் தமிழ் கற்றவர்களில் சிலர் இன்று பாரிஸிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழ்கின்றனர். பிள்ளை பிறந்தால் எனக்கு எழுதுவார்கள். "சேர், வெள்ளைக்காரன் வாயில் நுழையவேணும், தமிழ்ப் பொருளும் இருக்கவேணும், இரண்டு எழுத்துக்குள்ளே ஒரு பேர் சொல்லுங்கோ" என்பது வேண்டுகோள். தந்தை பெயரை முன்னிட்டுத் தன் பெயரை எழுதும் நம் வழக்கம் அங்கே செல்லாது. முன்பெயர், குடும்பப்பெயர் என்ற இரண்டு கட்டங்களுக்குள் எல்லாம் அடங்கவேண்டும். தந்தையின் பெயர் குடும்பப்பெயராகி, பேரப்பிள்ளைக்கும் பூட்டப்பிள்ளைக்கும் தொடரும். குவாதலூப்பின் முத்துசாமிகளுக்கு நேர்ந்தது இது. வேறுபாடு ஒன்றுதான். அன்று எழுதியவன் கப்பல் அதிகாரி, இன்று எழுதச் சொல்பவர் தாய் தந்தையர்.

ஆதலால் நான் அவர்களுக்குப் பொருளோடு நிறுத்திக்கொள்வதில்லை. 1991 இல் பிரான்சில் ஆண் குழந்தைகளுக்கு மிகுதியாக இடப்பட்ட பெயர் கெவின் என்னும் ஐரிஷ் பெயர். நற்குடிப் பிறந்த அழகன் என்பது போன்ற சிறந்த பொருள் அதற்கு உண்டு. திரைப்படங்கள் வழியாகப் பரவிய அப்பெயரைப் படித்த மேற்குடியினர் பின்னர் ஏளனம் செய்தனர். பெயரின் பொருள் அந்தப் பிள்ளைகளைக் காக்கவில்லை. அதேவேளை லூயி, லூயீஸ் என்னும் பழம்பெயர்கள் அண்மை ஆண்டுகளில் பெயர்ப் பட்டியலின் மேல்வரிசைக்கு மீண்டுவிட்டன. அந்தப் பெற்றோரில் எத்தனை பேர் குளோவிஸை நினைத்திருப்பர்? பாட்டியின் பெயரை நினைத்திருப்பர்.

பெயரிடுபவர் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளட்டும் என்பதே என் கருத்து. இந்தப் பெயரை முன்பு சுமந்தவர் யார்? இதனை நாளும் அழைக்கப் போகிறவர் யார்? இதனை ஏட்டில் எழுதுபவர் நம் சொற்படி எழுதுகிறாரா, தம் சொற்படி எழுதுகிறாரா? முதலிரண்டு கேள்விகளுக்கும் விடை குடும்பத்திலே உண்டு. மூன்றாவது கேள்விக்கு விடை காண, பிரான்ஸ் நாட்டுத் தாய் தந்தையர்க்கு 190 ஆண்டுகள் சென்றன. அலைக்கோடுள்ள ஓர் எழுத்துக்காக அதன் பின்னரும் அவர்கள் நீதிமன்றம் ஏறினர். பிள்ளைக்கு நாம் கொடுக்கும் முதற்சொத்து பெயர். அதைப் பதியும் நாளில் ஓர் எழுத்துத் தவறினாலும் திருத்தித் தரும்படி கேட்பதற்கு நாம் தயங்கலாகாது.